அதுவும் பிசிக்ஸ்தான்

சனிக்கிழமை பிசிக்ஸ் கருத்தரங்கில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. இளம் ஆய்வாளர் ஒருத்தி செல்லுக்குள் இருக்கும் புரதத் துளிகளைப் பற்றிப் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி: "இதுல பிசிக்ஸ் எங்கம்மா இருக்கு?" அரங்கமே சிரித்தது. கேள்வியைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

எங்கே இருக்கிறதா? 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிராங்வின், ஹைமன் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் ஒரு குட்டிப் புழுவின் கருவில் 'பி துகள்'களை, அதாவது புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்த திரள்களை, பார்த்தார்கள். அவை துளிகளாக ஒன்றோடொன்று சேர்ந்தன, வழிந்தன, சொட்டின, கரைந்தன. புரதத்தின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டினால் துளியாகப் பிரியும், இல்லாவிட்டால் கரைந்தே கிடக்கும். நீராவி நீர்த்துளியாவது போல இதுவும் நிலைமாற்றம். இது பிசிக்ஸ்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு கன்றுக்குட்டியின் கண் லென்ஸைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஐஸில் வைத்ததும் நடுப்பகுதி பால் போல வெளுத்தது. எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். மெல்லத் தெளிந்து, அடியில் என் கைரேகை மறுபடி தெரிந்தது. குளிரில் லென்ஸுக்குள் புரதம் செறிந்த பகுதியும் நீர்த்த பகுதியும் பிரிகின்றன, ஒளி சிதறுகிறது. சூடானால் மறுபடி கலந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் பெனடெக் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவர் பிசிக்ஸ் பேராசிரியர்.

"சமன்பாடு எங்கே?" என்பீர்கள். பாலிமர் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் எப்போது கரையும், எப்போது பிரியும் என்று ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் 1940களில் எழுதிய சமன்பாடு அவளுடைய மூன்றாவது ஸ்லைடிலேயே இருந்தது. நீங்கள் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் துளி என்கிறார்களே?" சரி, சில கட்டுரைகளில் சான்று போதாதுதான். அதற்கு இவள் என்ன செய்வாள்? வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து வைத்திருக்கிறாள்.

"பயாலஜிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றும் ஒருவர் சொன்னார். எஃப்யூஎஸ் என்றொரு புரதத்தின் துளிகள் நேரம் போகப் போக இறுகி நாராகின்றன, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் வந்தவரிடம் கண்ட மரபணு மாற்றம் இருந்தால் இன்னும் வேகமாக இறுகுகின்றன என்று 2015இல் காட்டினார்கள். திரவம் திடமாவதைப் படிப்பது நம் வேலை இல்லையென்றால் வேறு யார் வேலை? திரவப் படிகங்களுக்கும் பாலிமர்களுக்குமாக பிரான்ஸின் டி ஜென் 1991இல் பிசிக்ஸ் நோபல் வாங்கியபோதே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

ஆய்வை முடித்து வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்தபோது, என் வைவாவிலும் இதே கேள்வி வந்தது. பதில் தெரிந்தும் வாய் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பிள்ளை அதே மேடையில் அதே சிரிப்பைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

நேற்று இரவு அவளிடமிருந்து மெசேஜ். "மேடம், தலைப்ப மாத்திக்கட்டுமா?"

வேண்டாம்மா. அந்த லென்ஸின் போட்டோ இரண்டையும் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறேன், வெளுத்தது ஒன்று, தெளிந்தது ஒன்று. அடுத்த தடவை முதல் ஸ்லைடாகப் போடு.