கீமோவுக்கு நாள் குறிக்கும்போதே ஃப்ளூ ஊசியைப் பற்றியும் கேளுங்கள்

போன வருடம் ஐப்பசி. அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பதாவது நாள். பள்ளியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்த என் மகள் நேராகப் போய்ப் பாட்டி மடியில் படுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை, அந்த நாட்களில் பேத்தி பக்கத்தில் இருந்தால்தான் அம்மாவுக்கு நாலு வாய் சோறு இறங்கும். மூன்றாம் நாள் இரவு அம்மாவுக்கு 101 டிகிரி காய்ச்சல். கீமோ நடக்கும் காலத்தில் 100.4-ஐத் தொட்டாலே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் கொட்டும் மழையில் பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ. ஆறு நாள் தனி அறை, நாலாவது கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அன்றிரவு பணியில் இருந்த இளம் டாக்டர் கேட்டார், "வீட்டுல யாராவது ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிகிச்சை தொடங்கிய இடத்தில் கொடுத்த ஃபைலில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, முடி எப்போது கொட்டும், நகம் ஏன் கறுக்கும் என்று எல்லாம் அச்சடித்து இருந்தது. ஃப்ளூ ஊசி பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊசியின் பேச்சை எடுத்ததுமே வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சித்தி சொன்னார், "ஏற்கெனவே உடம்புல எவ்வளவு மருந்து ஏத்துறாங்க, இதுல இன்னொரு ஊசியா, அதைப் போட்டா காய்ச்சல்தான் வரும்." அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் கையில் போடும் அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் ஃப்ளூ வர வழியே இல்லை. ஓரிரு நாள் கை வலிக்கலாம், உடம்பு லேசாகக் கனகனக்கலாம், அவ்வளவுதான். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேறு. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வேண்டாம், அந்த வீட்டுக் குழந்தைக்கும் ஊசியாகவே கேட்டு வாங்குவது நல்லது.

எப்போது போடுவது? ஊசி போட்டு உடம்பு தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கீமோ தொடங்க இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட்டால் மிகவும் நல்லது. தொடங்கிவிட்டது என்றால் காரியம் கெட்டுவிடவில்லை, இரண்டு சுற்றுக்கு நடுவில் எந்த நாள் என்று புற்றுநோய் டாக்டரே ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்வார். சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அதன்பின் ஆறு மாதம்வரை ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கும் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை அவர்களுக்கு யார் காவல்? நாம்தான், கூடவே இருக்கிற மகன், மருமகள், பேரப்பிள்ளை, சமைக்க வருகிற அக்கா, எல்லோரும். என் வீட்டில் நடந்ததை நினைத்தால், அம்மாவுக்கு அந்தக் கிருமி வெளியிலிருந்து வரவே இல்லை, அவர் வாசலைத் தாண்டியதே கீமோவுக்கு மட்டும்தான். நாங்கள்தான் கொண்டுவந்து சேர்த்தோம்.

தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு. டெல்லிப் பக்கம் ஆடி ஆவணியிலேயே வந்துவிடும். ஆக நமக்கு மழைக்கு முன்பே, புரட்டாசி வாக்கில் போட்டுக்கொள்வது சரி. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையும் மாறும், அதனால் வருடா வருடம் போட வேண்டும். ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தை முதல் தடவை போடும்போது ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், இதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, குழந்தைகள் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது.

செலவு இருக்கிறது, மறைக்க மாட்டேன். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, வீட்டில் நாலு பேர் என்றால் மாதக் கடைசியில் கை கடிக்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்பவர் ஒருவருக்குமாவது அரசு இதை இலவசமாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. தள்ளிப்போன ஒரு கீமோவுக்கும் ஆறு நாள் தனி அறைக்கும் ஆன செலவோடு பார்த்தால் இது எந்த மூலைக்கு?

அம்மாவுக்குச் சிகிச்சை மாசியில் முடிந்தது. முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. உடம்பு பழைய தெம்புக்கு வர நாளாகும் என்று டாக்டர் சொன்னதால் போன வாரம் குடும்பத்தோடு போனோம். மெடிக்கலில் வாங்கிய ஊசிகளை ஐஸ் பையோடு டப்பாவில் வைத்து எடுத்துப்போனேன், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இடது பக்க அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள், அந்தக் கையில் ஊசி போடுவதில்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வலது கைச் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, "முதல்ல எனக்குப் போடும்மா, பாத்தா இவ பயப்பட மாட்டா" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.