ஸ்னேருக்கு ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை

டிரம் செட்டில் சடசடவென ஒலிக்கும் டிரம்தான் ஸ்னேர். “ஸ்னேரும் மற்ற டிரம்களும் ஒரே மரம், ஒரே நிறமாக இல்லாவிட்டால் ஒலி ஒட்டாது” என்று சிலர் சொல்வது தவறு. டாம்கள் எனப்படும் கம்பியில்லாத டிரம்களும், காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மும் ஒத்துப்போக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்னேர் தனி ஆள். கீழ்ப்பக்கத் தோலை ஒட்டிக் கிடக்கும் கம்பிகள்தான் அதற்கு அந்தச் சடசடப்பைத் தருகின்றன. லெட் செப்பலின் இசைக்குழுவின் டிரம்மர் ஜான் போனம் மர டிரம்களுடன் வாசித்தது லட்விக் நிறுவனத்தின் 6.5 அங்குல ஆழமுள்ள உலோக ஸ்னேர். 1969-இல் பீட்டில்ஸ் இசைக்குழு லண்டனில் மொட்டைமாடியில் வாசித்தபோது, அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் டிரம்கள் மேப்பிள் மர நிறத்தில் இருந்தன. ஸ்னேர் மட்டும் பழைய கருஞ்சிப்பி நிறம். யாருக்கும் காது கூசவில்லை. மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஒரே நிறத்தில் வாங்குங்கள். அது கண்ணுக்கான செலவு, காதுக்கானது அல்ல.