ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது எந்தப் பாட்டைக் கொண்டுபோவது?

கடந்த மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு மருமகனுடன் ஸ்பீக்கர் பார்க்கப் போயிருந்தேன். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் எங்களை இருத்திவிட்டு, கடைத் தம்பி தன் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டை ஓடவிட்டார். காதோடு இரகசியம் சொல்வதுபோல் ஓர் ஆங்கிலப் பெண்குரல், பக்கத்தில் ஒரு கிற்றார், அடியில் நெஞ்சை உதைக்கும் பேஸ். “எப்பிடி அண்ணை, பேஸ் உதைக்குதல்லோ?” என்றார். உண்மையிலேயே உதைத்தது. மருமகன் அந்த இடத்திலேயே விலை கேட்கத் தொடங்கிவிட்டான். நான் என் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவைக் கொடுத்து, அதிலுள்ள மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் போடச் சொன்னேன். மூன்றே கால் இலட்சம் ரூபா விலை எழுதியிருந்த அந்தப் பெட்டிகளில் மிருதங்கத்தின் இடப்பக்கம், யாரோ வெறும் தார்ப் பரலில் தட்டுவதுபோல் கேட்டது.

கடைகளில் போட்டுக் காட்டும் பாட்டுகள் எந்தப் பெட்டியிலும் அழகாகக் கேட்கும் என்பதற்காகவே தெரிவுசெய்யப்படுகின்றன. அவற்றை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பது, தரகர் கொண்டுவந்த ஸ்டூடியோப் படத்தைப் பார்த்துவிட்டே மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வதைப் போன்றது. அந்தப் பாடகி நேரில் எப்படிப் பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய குரலில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தது என்பதும் தெரியாது. அப்படியிருக்க, ஸ்பீக்கர் அதை உள்ளபடி தருகிறதா, தன் பங்குக்கு எதையாவது சேர்த்துத் தருகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? ஆகவே சோதனைக்குக் கொண்டுபோகும் பதிவில், மைக் எதுவும் இல்லாமல் நாம் பக்கத்தில் இருந்து கேட்டுப் பழகிய ஒலி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

எனக்கு அது மிருதங்கம். சிறு வயதில் வெள்ளவத்தையில் நான்கு வருடம் பழகி, சாதாரண தரப் பரீட்சையைக் காரணம் காட்டி விட்டுவிட்டேன். கை மறந்துவிட்டாலும் காது மறக்கவில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை சுருதியோடு சேர்ந்து, மணியின் கார்வைபோல் நின்று ஒலிக்கும். இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பியிருப்பதால் அந்தப் பக்கம் கனத்துத் தாழ்ந்து பேசும். தொப்பியில் கும்கி என்ற வழுக்கும் அடியை வாசிக்கும்போது மணிக்கட்டின் அடிப்பகுதி தோலை அழுத்தியபடி நகர, ஒலி ‘கும்’ என்று தொடங்கி வளைந்து மேலே ஏறும். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேஸ் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஒரே ஒரு சுரத்தில் வீங்கி ஒலிக்கும் பெட்டியின் அதிர்வுதான். திரையிசையின் ஒரே மாதிரியான ‘டொம் டொம்’ அடியில் அந்தக் குறை வெளியே தெரியாது. கும்கியோ ஒவ்வொரு முறையும் சுரம் மாறி வழுக்கிச் செல்வதால், பெட்டி ஓரிடத்தில் வீங்குவதும் அடுத்த இடத்தில் சோர்ந்துபோவதும் உடனே காதில் படும். கடையில் நாங்கள் கேட்ட தார்ப் பரல் அதுதான்.

ஆனால் பழி எப்போதும் பெட்டியின்மேல் மட்டும் இல்லை. எங்கள் தொடர்மாடி வீட்டு முன்னறையின் நீளம் 12 அடி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்லும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த இரு சுவர்களுக்கிடையே 47 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அளவிலும் அதன் இரட்டிப்பான 94 ஹேர்ட்ஸ் அளவிலும் ஒலி தேங்கி வீங்கும். தரை முழுவதும் டைல்ஸ், ஒரு பக்கம் கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவு. கையைத் தட்டினால் அறையே திருப்பித் தட்டுகிறது. தடித்த திரைச்சீலை ஒன்றைப் போட்டதில் அந்தக் கணகணப்புக் குறைந்தது. தேங்கி நிற்கும் பேஸுக்குத் திரைச்சீலை எதுவும் செய்யாது. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்த பிறகுதான் அது ஓரளவு அடங்கியது. எனவே கடையில் தேறிய பெட்டி என்றாலும், அதே பதிவை வீட்டில் மறுபடியும் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

பென் டிரைவில் இரண்டாவதாக இருப்பது பழைய மோனோ வாய்ப்பாட்டுப் பதிவொன்று. இரண்டு பெட்டிக்கும் வெவ்வேறு ஒலியை அனுப்பும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 அளவில்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்தியவற்றையும், நம்மிடையே அதற்குப் பிந்திய பலவற்றையும், ‘பழசு, தரமில்லை’ என்று சோதனைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தப் பழசுதான் கண்ணைத் திறந்தது. மோனோவில் இரண்டு பெட்டிக்கும் போவது ஒரே ஒலி என்பதால், பாடுபவர் இரண்டுக்கும் நட்டநடுவே அமர்ந்திருப்பதுபோல் கேட்க வேண்டும். என் வீட்டிலோ குரல் அறை முழுவதும் பரவி, தலைக்குப் பின்னாலிருந்தும் வருவதுபோல் கேட்டது. நான் இரண்டு மாதமாக அதை ‘விசாலமான ஒலி’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு பெட்டியின் பின்னால் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நானே மாற்றிச் செருகியிருக்கிறேன். சரிசெய்ததும் குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது, காணாமற்போயிருந்த பேஸும் கூடவே வந்து சேர்ந்தது. (மருமகன் இதை இன்றுவரை குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.)

தனிக்குரலை யாரும் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒலிக் கோப்புகளைச் சுருக்கும் எம்.பி.3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தமது முறையைச் செப்பனிட எடுத்துக்கொண்ட பதிவுகளில் முக்கியமானது, அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடி 1987இல் வெளிவந்த ‘டாம்ஸ் டைனர்’. முதலில் அந்தக் குரலைச் சுருக்கியபோது கேட்கச் சகிக்கவில்லை. மனிதக் குரலைப் பிறந்த நாள் முதல் கேட்டு வருகிறோம். அதில் சிறு பிசகு என்றாலும் காது பிடித்துவிடும்.

மூன்றாவது தம்புரா. அதுவும் மின்னணுச் சுருதிப்பெட்டியோ கைப்பேசிச் செயலியோ அல்லாமல், உண்மையான நான்கு தந்தித் தம்புரா பின்னால் ஒலிக்கும் பதிவு வேண்டும். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற பாகத்துக்கும் இடையே வைக்கும் நூலின் தயவால் அதிலிருந்து எழும் மேல் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து அடங்கும். குறைந்த தரத்தில் சுருக்கிய கோப்பிலும் உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் மோசமாக இருந்தாலும் அது வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாகிவிடும். இதைக் கேட்க மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதும், கொழும்பில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்துக்குமேல் இருக்க முடியாது என்பதும், போதாக்குறைக்குப் பின்னால் கடற்கரைப் பாதையில் புகையிரதம் போகும் என்பதும் இந்தச் சோதனையின் நடைமுறைச் சிக்கல்கள்.

96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று நுணுக்கமும் விலையும் கூடிய கோப்புகளைத் தேடி அலையத் தேவையில்லை. ஒழுங்காகப் பதிவான இறுவட்டின் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் தாராளம். ஐம்பதைக் கடந்த என் காதுக்கு அதிலுள்ள மிக உயர்ந்த ஒலிகளே கேட்பதில்லை. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்த அளவு ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் விடாப்பிடியாகக் கவனிக்க வேண்டும். சற்றே கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘நல்லது’ என்று நம்பிவிடும் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நேசிக்கும் பதிவு வேறு, சோதிக்கும் பதிவு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் என்றால் எனக்கு உயிர். ஆனால் என்னிடம் இருப்பவை கோயில் வீதியில் யாரோ டேப்பில் பிடித்து, கைமாறிக் கைமாறி வந்த பிரதிகள். விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் விழும் அந்தச் சுளீர் ஓசை அவற்றில் எப்போதோ தேய்ந்துவிட்டது. அவற்றைப் போட்டு எந்த ஸ்பீக்கரையும் குறைசொல்ல முடியாது.

அதனால் பென் டிரைவில் நான்காவது இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளியில், எதிரொலி எதுவும் சேர்க்காமல், தவிலின் முழு வீச்சும் நசுங்காமல் பதிவான இறுவட்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். வரும் சனிக்கிழமை இன்னொரு கடைக்குப் போவதாக இருக்கிறோம்.