21 நாளில் பழக்கம் படிந்துவிடுமா?

'எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது வேறு: அறுவைக்குப் பின் புது முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது. அந்தக் 'குறைந்தது' வழியில் உதிர்ந்துவிட்டது!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. பழக்கம் படிய 18 முதல் 254 நாள், நடுமதிப்பு 66 (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்). (ஆய்வே 84 நாள்தான்; 254 என்பது, அதுவரை பழக்கம் படிந்துவந்த போக்கை நீட்டிக் கணக்கிட்டது.) தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாகக் கெடவில்லை.

செயலை அன்றாடம் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் பத்து நிமிட நடை. 'நேரம் கிடைக்கும்போது' என்றால் நினைவூட்ட எதுவும் இருக்காது.