கர்ப்பிணிகளின் போதை சிகிச்சை குறித்துப் பரவும் தவறான செய்தி

“ஹெராயினுக்கு அடிமையான பெண் கருவுற்றால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், மருத்துவர் தரும் மாற்று மருந்தும் சிசுவுக்கு விஷம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. திடீரென நிறுத்தும் பெண் மீண்டும் ஹெராயினுக்கே திரும்பும் அபாயம் அதிகம் என்பதால், ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொண்டு தொடர் சிகிச்சை அளிப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதை அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இச்சிகிச்சை பெறும் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குக் கைகால் நடுக்கமும் கீச்சென்ற அழுகையும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அது மருத்துவர்கள் எதிர்பார்த்துக் கவனிக்கும், சிகிச்சையில் சரியாகும் நிலை. பெரும்பாலான தாய்மார்கள் பாலூட்டவும் செய்யலாம். அச்சமூட்டி அவர்களை மருத்துவமனைக்கே வரவிடாமல் செய்யும் இச்செய்தியைப் பகிர வேண்டாம். உதவி தேவைப்படுவோர் இந்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.