பேதி வேறு, சுத்தம் வேறு

ஒரு மூலிகைப் பொடியைத் தினமும் காலையில் டீக்குப் பதிலாகக் கலக்கிக் குடித்தால் கெட்ட பாக்டீரியா வெளியேறி, எல்லோருக்கும் குடல் சுத்தமாகிவிடும் என்று அதை விற்பவர் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அந்தக் குடல் சுத்த பான வீடியோவைப் பற்றி நான் போட்ட நாலு வரிக்கு வந்த வசவுகளை எல்லாம் படித்தேன். 'சித்த மருத்துவத் துரோகி', 'மாத்திரை கம்பெனி ஆள்'. சரி. நான் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பொடியில் என்ன இருக்கிறது? திட்டியவர்களில் ஒருவர்கூட அதற்குப் பதில் சொல்லவில்லை.

குடித்த மறுநாள் வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகிறதே, அதைத்தான் 'கெட்ட பாக்டீரியா வெளியேறுகிறது' என்கிறார் அவர். இந்த மாதிரிப் பொடிகள் பலவற்றில் பேதியாக்குவது நிலவாகை. நம் திருநெல்வேலிப் பக்கம் விளைந்து வெளிநாடெல்லாம் போகிற இலை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, மறுக்கவே மாட்டேன். ஆனால் அதிலுள்ள சென்னோசைடு என்ற பேதிப் பொருள் சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுத்த பிறகுதான் வேலை செய்யும். பாக்டீரியா தயவில் வரும் பேதியைக் காட்டி, பாக்டீரியாவைத் துரத்திவிட்டோம் என்று விற்கிறார்கள்! பேதியானால் பேதியாகியிருக்கிறது, அவ்வளவுதான். குடல் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

'2 கிலோ பாக்டீரியாக் கழிவு' என்கிறாரே, அதுவும் தப்பு. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன விஞ்ஞானிகள் போட்ட கணக்குப்படி நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். எடை 200 கிராம் அளவுதான். பெரும்பாலும் பெருங்குடலில் இருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அவை குப்பையல்ல, நமக்குச் சோறு வடிக்கிற ஆட்கள்.

'அப்போ மூலிகை பானமே வேஸ்டா?' நான் அப்படிச் சொல்லவே இல்லை. கடுக்காய், நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருட்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன. ஆனால் அதைச் செய்யும் பாக்டீரியா எல்லோருடைய குடலிலும் இல்லை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவை 4 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு 2020இல் வெளியானது. அதிலும் குடல் பாக்டீரியாவில் வந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறு வேறாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் ஒரே பலன் என்று எந்த தைரியத்தில் சொல்கிறார்கள்? அப்புறம், சாறாக வடிகட்டிக் குடித்தால் பெரும்பாலான நார் சக்கையோடு போய்விடும்; பாக்டீரியாவுக்குத் தீனி குறையாதா? நெல்லிக்காயைக் கடித்தே தின்னலாமே.

'ஆன்டிபயாட்டிக் மட்டும் பாக்டீரியாவைக் கொல்லாதா?' கொல்லும். ஆனால் அதன் பெயரும் அளவும் டாக்டர் எழுதிய சீட்டில் இருக்கும்.

'தாத்தா பாட்டி குடிக்கவில்லையா?' குடித்தார்கள். வைத்தியர் நாடி பார்த்து, எப்போதாவது ஒருமுறை. தினமும் காலையில் டீக்குப் பதிலாகக் குடிக்கவில்லை.

என் அம்மா இந்த மாதிரிப் பொடியைக் குடித்தார். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர். சொந்தக்காரர் ஒருவர் பாசத்தோடு வாங்கிக் கொடுத்தது. நாளுக்கு நாள் சோர்ந்தார். ஒரு காலையில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. நீர் மாத்திரையோடு பேதியும் சேர்ந்து, ரத்தத்தில் பொட்டாசியம் அபாயகரமாக இறங்கியிருந்தது. விற்றவருக்கு போன் போட்டால், 'கழிவு போகுதும்மா, நிறுத்தாம குடிக்கச் சொல்லுங்க' என்கிறார். அம்மா கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இதை அனுபவித்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? நானா துரோகி?

எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் சொல்லித்தான் பொட்டலம் கட்டுவார். பளபளப்பான பாக்கெட்டில் மட்டும் ஏன் வெறும் 'மூலிகைக் கலவை'?

அந்தப் பாக்கெட் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தைப் படமெடுத்துக் கமெண்டில் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் குடித்தால், மாத்திரை எழுதிய டாக்டரிடமோ பதிவுபெற்ற சித்த மருத்துவரிடமோ இந்த வாரமே அதைக் காட்டுங்கள்.