பாந்தியனுக்கு 12 நிமிடம், தோல் பை கடைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

ரோமிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நான் காங்கிரீட்டோடு 31 ஆண்டு மல்லுக்கட்டியவன். பாலிடெக்னிக்கில் படித்தபோது வாத்தியார் கரும்பலகையில் அரைவட்டம் ஒன்றை வரைந்து, "இது ரோமில் இருக்கும் பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் குவிமாடம், இதற்குள் ஒரு கம்பிகூடக் கிடையாது" என்றார். அன்று முளைத்த ஆசை. 43 மீட்டர் விட்டம். தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43 மீட்டர். கம்பி கட்டாத காங்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகில் அதுதான் பெரியது. அதற்காகவே ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். பயண அட்டவணையில் "பாந்தியன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அங்கே போன பிறகுதான் தெரிகிறது, எங்கள் கட்டணத்தில் பாந்தியன் என்றால் வாசலில் நின்று போட்டோ எடுப்பது மட்டுமாம்! உள்ளே போக 2023 முதல் டிக்கெட் உண்டு. அது அவரவர் செலவாம். சரி, ஐந்து யூரோ பெரிய காசில்லை. ஆனால் சதுக்கத்தில் கொடுத்ததே அரை மணி நேரம். அதில் 18 நிமிடம் டிக்கெட் வரிசை தின்றுவிட்டது. மிச்சம் 12.

வழிகாட்டி சொன்ன விவரமாவது சரியா? "அக்ரிப்பா கட்டிய கோயில், இப்போது மியூசியம்." இரண்டும் தப்பு. முகப்பில் பழைய ரோமத் தளபதி அக்ரிப்பாவின் பெயர் இருப்பது உண்மை. ஆனால் அவர் கட்டியது அழிந்து, இப்போது நிற்பதைப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126இல் கட்டி முடித்தார்கள். மியூசியமும் இல்லை, 609 முதல் அது மாதா கோவில், இன்றும் பூசை நடக்கிறது. மாதா கோவிலாக மாறியதால்தான் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்படாமல் பிழைத்தது என்பார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு மூதாட்டி கண்மூடி முழந்தாளிட்டிருந்தார். அவர் காதருகே எங்கள் ஆட்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கூனிக் குறுகிப் போனேன்.

அண்ணாந்து பார்த்தேன். பேச்சு வரவில்லை. அடியில் ஆறு மீட்டருக்கும் மேல் தடிமன், உச்சியில் ஒரு மீட்டர் சொச்சம். மேலே போகப் போக கனத்த ஜல்லியைக் குறைத்து, நுரை போலத் துளை விழுந்த எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். எந்த மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு வந்தது? அந்த வளைவுக்கு எப்படிச் சென்டரிங் அடித்தார்கள்? நடு உச்சியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் அந்த வட்டம், மூடியில்லாமல் 1,900 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. அன்று வெயில். வெளிச்சம் ஒரு வட்டத் தட்டாக மேற்குச் சுவரில் விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் அங்கே உட்கார முடிந்திருந்தால் அது நகர்வதைக் கண்ணால் பார்த்திருக்கலாம்.

மழைநீர் வடிவதற்காகத் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, 22 துளை விட்டிருக்கிறார்கள். குனிந்து ஒரு துளையில் விரல் வைத்தேன். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி எண்ண ஆரம்பித்தேன். தோளில் கை விழுந்தது. "சார், நேரமாகிவிட்டது. பஸ் காத்திருக்காது." உள்ளேயே இருக்கும் ஓவியர் ரஃபேலின் கல்லறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காத்திருக்காத அந்த பஸ் அடுத்து எங்கே நின்றது தெரியுமா? தோல் பை விற்கும் கடை வாசலில். ஒன்றே முக்கால் மணி நேரம்! அங்கே மட்டும் யாருக்கும் அவசரமில்லை, யார் தோளையும் யாரும் தொடவில்லை. நம் தலையைக் கொண்டுபோய் நிறுத்தினால் டூர்காரர்களுக்குக் கமிஷன் கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். "நான் எதுவும் வாங்கப் போவதில்லை, நடந்தே பாந்தியனுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று கெஞ்சினேன். குழுவை விட்டுப் பிரியக் கூடாதாம். இரண்டரை லட்சம் கட்டியவன் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

டூர்காரர்களே, விளம்பரத்தில் ஊர்ப் பெயர்களை அடுக்குகிறீர்களே, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று பக்கத்திலேயே போடுங்கள். உள்ளேயா வெளியேயா என்று போடுங்கள். கடைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். வாழ்நாளில் ஒருமுறை வருகிறவனிடம் இதை மறைப்பது பச்சைத் துரோகம்.

22 துளைகளில் நான் எண்ணியது ஏழு.